சொல்லாததுக்குத்தான் கோடு

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, உத்தமபாளையம் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் மருத்துவமனையின் செல்வி சிஸ்டர். வேலை நேரத்தில் அவர் யாரையும் கூப்பிட மாட்டார். எடுத்ததும், "சார், சௌந்தரம் மேடம் போயிட்டாக" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் கேட்கக்கூடாத கேள்விதான்.  "போடியில, வீட்டுல. காலையில சாப்பிட்டுட்டு நாற்காலியில உக்காந்திருந்தாகளாம். அப்படியே சாஞ்சிட்டாக. நீங்க வாரீகள்ல?" என்றார். வருகிறேன் என்றேன். செருப்பு காலடியிலேயேதான் கிடந்தது.

ஞானசௌந்தரி என்பது முழுப்பெயர். போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்த பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கேட்டு வந்தவுக யாரும் எனக்குப் பிடிக்கல. எனக்குப் பிடிச்சவுக யாரும் கேட்டு வரல. அம்புட்டுத்தான்" என்பார். தங்கை கிரேஸின் குடும்பத்தோடு கடைக்கு மேலேயே குடியிருந்தார். அங்கிருந்து தேனிக்கு தினமும் பஸ்ஸில் வந்து போனார். தேனியில் ஒரு தனியார் இதய மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் அறையில் அவர் மேஜையும் என் மேஜையும் எதிரெதிரே கிடந்தன. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்து, "பாய் குறைத்துச் சொல்லிவிட்டார்" என்று சொல்லக்கூடும். தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆகவே கூட்டிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் கோடிங் என்று பெயர். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் எங்களிடம் வரும். டாக்டர் எழுதியிருப்பதைப் படித்து, வந்த நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு எழுத்தும் எண்ணும் போட வேண்டும், அதைத்தான் கோடு என்போம். இன்சூரன்ஸ்காரருக்கும் அது வேண்டும், தரச்சான்று கொடுக்கிறவருக்கும் அது வேண்டும். இதில் ஒரே ஒரு பெரிய சட்டம் உண்டு: டாக்டர் எழுதாதது நடக்காதது. நம் கண்ணால் பார்த்திருந்தாலும் சரி, காதால் கேட்டிருந்தாலும் சரி, அவர் எழுதவில்லையென்றால் நாம் குறிக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் கேட்கலாம். ஆனால் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக்கூடாது.

சௌந்தரம் மேடம் எங்களிடம் சேர்ந்த புதிதில் எனக்கும் அவருக்கும் மின்விசிறியால் ஆகாது. எனக்கு வேகமாகச் சுற்ற வேண்டும், அவருக்குச் சுற்றவே கூடாது. "பாய், காத்துல என் பக்கம் பறக்குறது எல்லாம் நோயாளிக. பாத்து வைங்க" என்று காகிதங்களை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு சொல்வார். டீயில் சர்க்கரை போதவில்லை என்று கேன்டீன்காரரிடம் தினமும் ஒரு வழக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவில் நிற்பார். ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு என்னையும் அழைத்திருந்தார், போய்க் கேட்டேன். மற்றவர்கள் பாட்டை முடித்த பிறகும் அவர் குரல் மட்டும் கொஞ்ச தூரம் போனது. மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டார். கேக் நன்றாக இருந்தது என்றேன்.

கோடுகளின் புத்தகத்தை அவர் பஞ்சாங்கம் மாதிரிப் புரட்டுவார். மனிதனுக்கு என்னவெல்லாம் நேரும் என்று அதில் இல்லாதது இல்லை. மாடு முட்டியதற்கு உண்டு, மரத்திலிருந்து விழுந்ததற்கு உண்டு. நான் நேரம் கழித்து வந்தால், "இன்னைக்கு என்ன பாய், மாடு முட்டுச்சா? கோடு போட்டுரவா?" என்பார். எல்லா அபாயங்களுக்கும் நடுவே, ஒரு பக்கத்தில், சிகிச்சை செய்கிற இடத்தில் சுத்தம் தவறியதற்கான கோடுகளும் இருந்தன. அதில் ஒய் அறுபத்திரண்டு புள்ளி ஐந்து என்பது இதயத்துக்குள் குழாய் விடும்போது கிருமித்தடுப்பு தவறியதைக் குறிப்பது. "நாம இருக்குறது இதய ஆஸ்பத்திரி. இந்தக் கோட்ட ஒரு தடவகூட நான் போட்டதில்ல. நீங்க போட்டிருக்கீகளா?" என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். "ஒண்ணு நம்ம ஆளுகல்லாம் தேவதூதர்க. இல்லேன்னா நாம செவிடு" என்றார். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த பெருமாள் என்பவர் அடைப்பு எடுக்க வந்தார். மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாளில் குளிர் காய்ச்சலோடு திரும்பி வந்தார். ரத்தத்தில் கிருமி. தோலில் இருக்கிற கிருமி ரத்தத்துக்குள் போயிருந்தது. மனிதர் படாத பாடு பட்டார். ஐ.சி.யு. வாசலில் அவருடைய மனைவி ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தார். பெருமாள் சர்க்கரை நோய் உள்ளவர், அதனால் தொற்று வந்திருக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நாந்தான்யா கெடுத்தேன். தோட்டத்துல பழம் வெட்டுறப்ப, ஒரு கொத்து தின்னா என்னன்னு நாந்தான்யா குடுத்தேன்" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார். சௌந்தரம் மேடம் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் அதைக் கேட்டுவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வெறும் மின்விசிறிச் சண்டையோடு முடிந்திருக்கும்.

பெருமாள் பிழைத்துக்கொண்டார். கேஸ் ஷீட் எங்களிடம் வந்தது. காய்ச்சலுக்கான காரணம் அதில் எழுதியிருக்கவில்லை. சட்டப்படி, காரணத்தைத் தெளிவுபடுத்தவும் என்று மேடம் சிகிச்சை செய்த டாக்டருக்கு எழுதிக் கேட்டார். நீரிழிவு உள்ளவர், காரணம் அறியப்படவில்லை என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு, "இது பதில் இல்ல பாய். போயிட்டு வாங்கன்னு போடுற கும்பிடு" என்றார். பிறகு, "திராட்சைக் கொத்தா கொண்டுபோயி கிருமிய ரத்தத்துல வச்சுச்சு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

டாக்டர் எதையும் மறைக்கிறவர் அல்லர். தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதியிருந்தார். காய்ச்சல் வந்த அன்றே, இதயத்துக்குள் குழாய் விடுகிற அறையான கேத் லேபில் எல்லோரையும் நிற்கவைத்து, "அன்னைக்கு ஏதாவது தீட்டு ஆச்சா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் இல்லையென்று தலையாட்டியிருக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இதயத்துக்குள் குழாய் விடும்போது நோயாளி விழித்துத்தான் இருப்பார். கையுறையோ கம்பியோ சுத்தமில்லாத எதிலாவது பட்டுவிட்டால் 'அன்ஸ்டெரைல்' என்று கத்தினால், படுத்திருப்பவருக்கு அப்போதே நெஞ்சு அடைத்துவிடும். அதற்காக டெக்னீஷியன் பாண்டி எப்போதோ விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு அது. கையுறை போட்டுத் தயாராக நிற்பவர் 'மடி'. எதிலாவது பட்டுவிட்டால் 'தீட்டு'. நோயாளியும் ஏதோ கேலி பேசுகிறார்கள் என்று சிரித்துக்கொள்வார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நானே பலமுறை கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

மேடம் கேத் லேபைப் பார்க்க வேண்டும் என்று அனுமதி கேட்டார். கோடு போடுகிறவர்கள் சிகிச்சையை நேரில் பார்ப்பது உண்டுதான், யாரும் தடுக்கவில்லை. எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். கவசத்தின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றார் என்று பாண்டி பிற்பாடு நடித்துக் காட்டுவார். அன்று யாருடைய முழங்கையோ திரையில் இடிக்க, "ஏலே தீட்டுடா, மாத்து மாத்து" என்று பாண்டி கத்த, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மேஜையோரம் நின்ற செல்வி சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை என்று மேடம் வந்து சொன்னார். முகக்கவசம் போட்ட ஒருவர் சிரித்தாரா இல்லையா என்பது எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். "கண்ணு இருக்குல்ல பாய்" என்றார்.

செல்வி சிஸ்டர் அனுமந்தன்பட்டிப் பக்கம். ஊருக்குள் இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. நர்சிங் படித்து வந்து, கேத் லேபில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கம்பியையும் குழாயையும் எடுத்துக்கொடுக்கிற வேலை. கை சுத்தமான கை என்று டாக்டரே சொல்வார். அடுத்த நாள் மத்தியானம் கேன்டீனில் அவர் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார், மேடம்தான் கூப்பிட்டிருந்தார். பெருமாளைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "ஆத்தா, அந்தப் பாண்டி சொல்ற சொல்லு ஒனக்குப் பிடிக்கலயோ?" என்றார்.

செல்வி சிஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.  "எங்கம்மா களையெடுக்கப் போன எடத்துல தண்ணி கேட்டா, மேல இருந்து ஊத்துவாக மேடம். கைய ஏந்திக் குடிக்கணும். சொம்பத் தொட்டா அந்தச் சொல்லத்தான் சொல்லுவாக. நான் கூட நின்னு பாத்திருக்கேன். இங்கன அவுக விளையாட்டுக்குச் சொல்றாக, தெரியும். எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல."

மேடம் தன் டப்பாவிலிருந்த மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு வந்ததை யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது. "அந்த ஓடைப்பட்டி அய்யாவுக்குப் பண்ணுனப்ப, கம்பியோட வாலு மேஜைக்கு வெளிய தொங்கி, எக்ஸ்ரே மிசின்ல பட்டுச்சு மேடம். உறை போடாத பக்கம். நாந்தான் பாத்தேன், என் கையில இருந்த கம்பி. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எங்கம்மாவப் பாத்துச் சொன்ன சொல்ல, என் கையப் பாத்து நானே எப்பிடிச் சொல்ல? எல்லாரும் சிரிப்பாக. அந்த நெனப்புல ஒரு நிமிசம் நின்னுட்டேன். அதுக்குள்ள டாக்டர் கம்பிய வாங்கிட்டாக. பெறகு அவுக கேட்டப்பவும் அதே சொல்லத்தான் கேட்டாக. தலைய ஆட்டிட்டேன்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

 கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டுவிட்டது. இது வெளியே தெரிந்தால் செல்வி சிஸ்டரின் வேலை போகும். வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவரைச் சேர்க்காது. தெரியாவிட்டால் ராக்கம்மாள் ஆயுசுக்கும் அந்தத் திராட்சைக் கொத்தைச் சுமப்பார். செல்வி சிஸ்டர் எழுந்து போன பிறகு மேடத்திடம், "விட்டுருங்க. ஆளுதான் பிழைச்சுக்கிட்டாரே. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாக?" என்றேன். அவர் டப்பாவை மூடிக்கொண்டே, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னும் சொல்லியிருக்காக பாய். எதச் சொன்னவுக பெரியவுகன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பெரியவர்கள் இரண்டையும் சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள், நாம்தான் அவஸ்தைப்படுகிறோம் என்றேன். அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மின்விசிறி அவர் இஷ்டப்படியே நின்றது.

அவர் நினைத்திருந்தால் நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செல்வி சிஸ்டரிடமே போய், "நீ சொன்னத வச்சு நான் கோடு போட முடியாது, சட்டம் அப்பிடி. டாக்டர் எழுதணும். அவர் எழுதணும்னா நீ சொல்லணும். சொல்லாட்டியும் நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த அம்மா வாசல்ல உக்காந்து அழுததை நான் கேட்டுட்டேன். ஒனக்கும் சொல்லிட்டேன். அம்புட்டுத்தான்" என்றாராம். மிரட்டல் இல்லை, ஆறுதலும் இல்லை. வார இறுதியில் செல்வி சிஸ்டர் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, "மேடம், கூட வாரீகளா?" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நானும் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

டாக்டர் கேட்டு முடித்ததும் அவருடைய முகம் சிவந்துவிட்டது. மேஜையைத் தட்டி, "அப்பவே சொல்லியிருந்தா ஒரு கம்பிய மாத்தியிருப்பேன். இந்த மனுசன் செத்துப் பிழைச்சிருக்கார். ஏன் சொல்லல?" என்று கேட்டார்.  அப்போது சௌந்தரம் மேடம் பேசினார். அவர் நன்றாகப் பேசக்கூடியவர் அல்லர், பதற்றத்தில் வார்த்தை இடறும். "டாக்டர், உங்க ரூம்ல அதுக்கு ஒரு சொல்லு வச்சிருக்கீக. அந்தச் சொல்ல அந்தப் பிள்ளை வாயில வைக்க முடியாது. வேற சொல்லு குடுங்க" என்றார். எந்தச் சொல் என்று டாக்டருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். காய்ச்சல் வந்த அன்று தாம் கேட்ட கேள்வி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சரி. என்ன சொல்லு?" என்று கேட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், மேடத்திடம் மாற்றுச் சொல் எதுவும் இல்லை. வீறாப்பாகக் கேட்டுவிட்டாரே தவிர, யோசித்துக்கொண்டு வரவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோடுகள்தான். செல்வி சிஸ்டர்தான் மெதுவாகச் சொன்னார்: "பட்டுருச்சுன்னு சொன்னாப் போதும் சார். பட்டுருச்சு. அதுல யாரு மேலயும் ஒண்ணும் இல்ல." டாக்டர் ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து கேத் லேபில் பழைய சொல்லைச் சொன்னால் பாண்டி எல்லோருக்கும் வடை வாங்கித்தர வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் வாரம் கேன்டீனில் வடைக்குக் குறைவில்லை.

ராக்கம்மாளை வரவழைத்து டாக்டரே சொன்னார். சிகிச்சையின்போது எங்கள் பக்கம் ஒரு தவறு நடந்துவிட்டது, கிருமி அதனால்தான் போனது, மன்னிக்க வேண்டும் என்றார். அந்த அம்மாள் கோபப்படுவார், சண்டைக்கு ஆள் கூட்டிவருவார் என்றெல்லாம் நிர்வாகம் பயந்திருந்தது. அவர் டாக்டரின் முகத்தையே பார்த்தார். பிறகு, "அப்ப திராட்சை இல்லையா சார்?" என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையை நான் ஆஸ்பத்திரியில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. சௌந்தரம் மேடம் வராந்தாவில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பருவத்தில் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு கூடை பன்னீர் திராட்சை ரெக்கார்ட்ஸ் அறைக்கு வந்தது.

அந்தக் கோட்டை மேடம் முதன்முதலாகப் போட்டார். நிர்வாக மேலாளர் அதைப் பார்த்துவிட்டு அழைத்தார். "ஊர்ல எந்த ஆஸ்பத்திரியும் இதப் போடலயே மேடம், நாம மட்டும் ஏன்? சர்ட்டிஃபிகேட் போயிரும்" என்றார். "போடலேன்னா நடக்கலேன்னு அர்த்தம் இல்ல சார். சொல்லலேன்னு அர்த்தம். டாக்டர் எழுதுனத நான் குறிச்சிருக்கேன். அவர் அடிச்சா நானும் அடிக்கிறேன்" என்றார் மேடம். டாக்டர் அடிக்கவில்லை. செல்வி சிஸ்டரை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னபோதும், அவரை நிறுத்தினால் இனிமேல் இந்த ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், நானும் அந்த அறைக்குள் போக மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடத்துக்கு மட்டும் ஒன்று நடந்தது. அவருக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி எனக்கு வந்தது. நான் தயங்கினேன். "பேசாம உக்காருங்க தலைவரே. பெரிய நாற்காலிதான, ஃபேனுக்கு நேர இருக்கு, உங்களுக்குத்தான் சரிவரும்" என்றார். வருத்தம் இருந்திருக்கும். அதை என்னிடம் காட்டியதில்லை.

சென்ற ஆண்டு அவருக்கே நெஞ்சு வலி வந்தது. மதுரைக்குப் போகலாம் என்று தங்கை கிரேஸ் எவ்வளவோ சொன்னார். "மதுரையில கம்பி எங்கன பட்டாலும் எனக்குத் தெரியாது. இங்கனன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் செய்தார், செல்வி சிஸ்டர் பக்கத்தில் நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மேடம் அன்று நின்ற அதே இடத்தில், நான் நின்றேன். ஈயக் கவசம் நிஜமாகவே கனம்தான். பாதியில் செல்வி சிஸ்டர் தெளிவாக, "பட்டுருச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. டாக்டர் கையை எடுத்தார். கையுறை மாறியது, கம்பி மாறியது. மேஜையில் படுத்திருந்த மேடம், "மாத்துங்க, மாத்துங்க. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்றார்.

வார்டுக்கு வந்ததும் அவரைச் சீண்டலாம் என்று, "உங்க கேஸ் ஷீட் எங்கிட்டத்தான் வரும். ஒய் அறுபத்திரண்டு புள்ளி ஐந்து போட்டுரவா?" என்று கேட்டேன். களைப்பாகத்தான் இருந்தார். இருந்தாலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "எப்பிடிப் போடுவீக? பட்டுச்சு, சொன்னாக, மாத்திட்டாக. அதுல எங்க தவறு இருக்கு? சொல்லிட்டா கோடு கிடையாது பாய். சொல்லாததுக்குத்தான் கோடு" என்றார். பதவியில் இருக்கிறவன் நான். ஆனாலும் சட்டம் அவர் சொன்னதுதான்.

அடைப்பு எடுத்தாலும் இதயம் பலவீனமாகவே இருந்தது. வேலையை விட்டார். போடியிலிருந்து அவ்வப்போது கூப்பிட்டு, ஃபேன் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். போன வாரம்கூடப் பேசினார். இந்த வருடம் சாரல் சீக்கிரமே வந்துவிட்டது, மலைப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை என்றார். வேறு விசேஷமாக ஒன்றும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை போடிக்குப் போனேன். பாத்திரக்கடைக்கு மேலே, முன்னறையில், வெள்ளைச் சேலையில் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். பாடகர் குழு நின்று பாடிக்கொண்டிருந்தது. இந்த முறை எல்லோரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள். அவர்கள் வழக்கப்படி கைக்கு வெள்ளைக் கையுறை போட வேண்டும். விரல்கள் விறைத்திருந்ததால் கிரேஸால் போட முடியவில்லை. "நீ நர்சு, ஒனக்குத்தான் பழக்கம். போட்டுவிடு ஆத்தா" என்று செல்வி சிஸ்டரிடம் கொடுத்தார். அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். சாதாரணப் பருத்திக் கையுறைதான். ஆனாலும் கேத் லேபில் செய்வது போலவே விளிம்பை மடித்து, வெளிப்பக்கம் தன் விரல் படாமல், இடது கைக்குப் போட்டார். வலது கையுறையை விரிக்கும்போது அதன் விரல் நுனி பெட்டியின் ஓரத்தில் லேசாக உரசியது. சவப்பெட்டி செய்கிற இடத்துத் தூசி, ஒரு கோடு மாதிரி ஒட்டிக்கொண்டது.

செல்வி சிஸ்டரின் கை அப்படியே நின்றது. பிறகு, "பட்டுருச்சு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கிரேஸுக்குப் புரியவில்லை, "என்னம்மா?" என்றார். வாசலோரம் டாக்டர் நின்றுகொண்டிருந்தார், அவர் வந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை. "வேற எடுங்க" என்றார், கேத் லேபில் சொல்கிற அதே குரலில். வேறு ஜோடி வீட்டில் இல்லை. நான் படியிறங்கி, ஆலயத்துக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போனேன்.

மேடம் வீட்டுக்கு என்றதும் கடைக்காரர் கையுறையை எடுத்துக்கொண்டே, "காலையிலதான பாய் ஒரு ஜோடி வாங்கிட்டுப் போனாக. கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டார். அத்தனை வருடம் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், ஆனால் என் வேலையில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

"இல்லண்ணே. பட்டுருச்சு" என்றேன். 

மேலே வந்து கொடுத்தேன். செல்வி சிஸ்டர் புதிய கையுறையை எதிலும் படாமல் விரித்து, வலது கைக்குப் போட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்தார். பிறகு தன் வெறுங்கையை அதன் மேல் சிறிது நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டது, சொல்லிவிட்டோம், மாற்றியும் ஆயிற்று. இதற்குக் கோடு கிடையாது மேடம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.